சேவல் கூவும் வரை

ஒரு காட்டில் சிங்கம் ஆட்சியை விட்டு ஒதுங்கிக்கொள்ள, நரி கம்பெனி தொடங்கியது. வீடியோ கேம் கம்பெனி. புதுக் கேமுக்குப் பெயர் 'ஆற்றைக் கடந்தவன் அரசன்'.

அந்தக் காட்டில் கேம் விமர்சனம் எழுத இரண்டே பேர்தான். ஒன்று கிளி. இன்னொருவர் முள்ளம்பன்றி வேலாயுதம். சிங்கத்தின் காலத்தில் குளத்துக்கு வேலி போட்டபோது, வேலியின் மேலேயே படுத்துப் போராடியவர். யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கதையைச் சொல்வார்.

நரி இருவருக்கும் விற்பனைக்கு முன்பே ஆளுக்கொரு பிரதி கொடுத்தது. "விற்பனை நாளன்று சேவல் கூவும்வரை மூச்சு விடக் கூடாது. முந்திக்கொள்ளும் அவசரம் இல்லாமல் முழுசாக ஆடிப் பார்த்து எழுதலாம்" என்றது.

வேலாயுதத்துக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. அரைகுறையாக ஆடிவிட்டு எழுதுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒப்பந்தத்தில் கால் பதித்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய் ஆடினார். படகு நடு ஆற்றுக்குப் போனதும் நின்றுவிட்டது. முதலிலிருந்து ஆடினார். மறுபடியும் நடு ஆறு. எப்படி ஆடினாலும் கரையேற வழியில்லை.

பக்கத்து வளை முயல் பொன்னி வந்தாள்.

"அண்ணே, பிள்ளைங்க அந்தக் கேமைக் கேட்டு உசுரை வாங்குதுங்க. மழைக்காலத்துக்குச் சேத்த கிழங்கு மொத்தத்தையும் குடுத்தாத்தான் தருவாங்களாம். வாங்கலாமா?"

"சேவல் கூவட்டும்மா."

"ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தை போதும்ணே."

"நான் சொல் தவறினவன் இல்ல பொன்னி."

"கிளி மட்டும் அபாரம் அபாரம்னு மரத்துக்கு மரம் கத்துதே. அதுக்குச் சேவல் கிடையாதா?"

வேலாயுதம் நேராக நரியிடம் போய்க் கேட்டார்.

"தோழரே, பாராட்டு எப்படி விமர்சனம் ஆகும்? அது மகிழ்ச்சி. மகிழ்ச்சியைத் தடுக்க நான் யார்?" என்றது நரி.

அவரைத் தோழரே என்று யாராவது கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சிலிர்த்திருந்த முட்கள் படிந்தன. திரும்பும் வழியில் யோசித்தார். இப்போது வாயைத் திறந்தால் அடுத்த கேம் கைக்கு வராது. வராவிட்டால் மக்களுக்கு உண்மையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆகவே, மக்களுக்காக வாயை மூடிக்கொண்டார்.

விற்பனை நாள் விடிந்தது. கடை திறந்தது. பொன்னி கிழங்கு மூட்டையோடு வரிசையில் நின்றாள். வேலாயுதம் கண்டன விமர்சனத்தைக் கையில் பிடித்தபடி சேவலையே பார்த்தார். சேவல் கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு கடைக் கூரைமேல் தானியம் கொத்திக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"

"அவங்க சொல்லணும்ல," என்று சேவல் கல்லாவில் இருந்த நரியைக் காட்டியது.

மூட்டையை இறக்கும் முன் பொன்னி ஒருதரம் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சேவலைப் பார்த்தார்.

கடைசிப் பிரதியும் விற்றபின், உச்சி வெயிலில் சேவல் கூவியது. வேலாயுதம் பாறைமேல் ஏறி முழங்கினார். நின்றுபோன படகு, ஏமாற்றுக் கம்பெனி, விலைபோன கிளி, எதையும் விடவில்லை.

"படகு நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?" என்றாள் பொன்னி.

"கேம் கைக்கு வந்த அன்னைக்கே தெரியும்," என்றார் பெருமையாக.

அவள் காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே நரி 'மறுகரை' என்று இரண்டாம் பாகத்தை அறிவித்தது. காட்டிலேயே நேர்மையான விமர்சகர் என்று பாராட்டி முதல் பிரதியை வேலாயுதத்துக்கே அனுப்பியது. அவர் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. இந்தத் தடவை சேவல் சரியாக விடியலில் கூவ வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் போராடினார். நரி மறுபேச்சில்லாமல் இறங்கி வந்தது. சேவலும் சரியாக விடியலில் கூவியது.

கடையை மட்டும் முந்தின நாளே திறந்திருந்தார்கள்.

நீதி: உண்மையைச் சொல்ல ஒருபோதும் அஞ்சாதே, கேட்பவர் கையில் இருக்கும் கிழங்கு தீரும்வரை மட்டும் பொறுத்துக்கொள்.