டூரிஸ்ட் என்றால் பெரிய அதிகாரி

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருபத்தோரு வயதில் எனக்கு இல்லை.

மலாயாவில் லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. (எழுத்தர் உத்தியோகம்தான். நடை மட்டும் பெரிய துரை நடை.) ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒருநாள் துரை, "நாளைக்கு ஒரு டூரிஸ்ட் வருகிறார், சுற்றிக் காட்டு" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதிகாரிகள் 'டூர்' போவது தெரியும். அப்படியானால் டூரிஸ்ட் என்பவர் அவர்களுக்கெல்லாம் மேலதிகாரி என்று நானே முடிவுகட்டி, தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பரப்பிவிட்டேன்.

மறுநாள் தொப்பியும் கேமராவுமாக வந்த வெள்ளைக்காரர் முன்னால் தோட்டத்துக் கூலியான அஞ்சலை வந்து நின்றாள். நிறைமாதம். அவள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புருஷனை மட்டும் கப்பலேற்றியிருந்தார்கள்.

"என்னைய அவருகிட்ட அனுப்பச் சொல்லுங்க கிராணி. இல்லாட்டி அவர இங்க கொண்டாரச் சொல்லுங்க" என்று அழுதாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி மொழிபெயர்த்தேன்.

அவர் திகைத்துப்போய், "நான் வெறும் டூரிஸ்ட்தானே" என்றார்.

"கேட்டியா? தன் வாயாலயே டூரிஸ்ட்டுன்னு சொல்லிட்டாரு. இனி கவலைய விடு!" என்றேன்.

அவர் அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். (படம் அடையாளத்துக்காக என்று விளக்கியதும் அடியேன்தான்.)

அவளுக்குப் பெண் பிறந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் ஆபீசுக்கு வந்து, "கடுதாசி வந்துச்சுங்களா?" என்பாள். நாலு மாதம் கழித்து, டூரிஸ்ட்டின் கடிதம் ஏன் வரவில்லை என்று துரையிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "முட்டாள்! டூரிஸ்ட் என்றால் பொழுதுபோக்காக ஊர் பார்க்க வருகிறவன்!"

அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன்.

"சுத்திப் பாக்கவா வந்தாரு?"

"ஆமா."

"என்னையுமா?"



அந்த வாரமே முறையான மனு எழுதி, தொழிலாளர் இலாகா ஆபீசில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பதில் வந்தது. அவள் புருஷன் ஊரில் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த டூரிஸ்ட் வந்த அன்றைக்கே எழுதியிருந்தால் உயிரோடு பார்த்திருப்பாள்.

என் வீட்டில் இன்றும் எனக்கு 'டூரிஸ்ட்' என்றுதான் பெயர். தோட்டத்துக் கேலியை என் மனைவி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். அஞ்சலையின் மகளும் தீபாவளிக்குத் தீபாவளி பலகாரத் தட்டோடு வந்து, "டூரிஸ்ட் மாமா!" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டுச் சிரிப்பாள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவள் கேட்டதில்லை. அஞ்சலையும் சொன்னதில்லை.