நாளுக்கு நாற்பது

முதல் நாள் இருபத்திரண்டு கோப்பு, நேற்று முப்பது, இன்னும் பத்துதான் பாக்கி என்று சுபாஜினி சொன்னதும் ராஜலிங்கம் தட்டுவதை நிறுத்தினார்.

"நாப்பது வந்தா என்ன மிஸ்?"

"வந்தா எனக்கு இங்க வேல இல்ல சேர். அடுத்தது நாவலப்பிட்டி கிளை."

கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் கீழ் அறையில் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது ராஜலிங்கத்தின் வேலை. பதினோரு வருடமாகத் தனி ஆள். கட்டுகஸ்தோட்டை வாடகை அறையிலும் தனி ஆள்தான். 'சாப்பிட்டீங்களா' என்று அவரைக் கடைசியாகக் கேட்டவர் பல் டாக்டர்.

மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நின்றால் பறிக்கும் தேயிலைக் கொழுந்து கூடும் என்பது புசல்லாவைத் தோட்டத்தில் அவருடைய அம்மாவுக்கே தெரியும். கொம்பனி அதை இப்போதுதான் கண்டுபிடித்து, திறன் மேம்பாடு என்று பெயரும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்கு சுபாஜினியை அனுப்பியிருந்தது. முதல் நாள் ராஜலிங்கம் கதிரையைத் துடைத்துக் கொடுத்தார். மத்தியானம் சோற்றுப் பார்சலில் பாதியை நீட்டினார். "ஒங்களுக்குக் காணுமா சேர்?" என்று சுபாஜினி கேட்டுவிட்டார். அதோடு மனுஷன் தொலைந்தார்.

இப்போது நாவலப்பிட்டி என்று கேட்டதும் கையை மெதுவாக்கினார். கோப்புக்கு மூன்று தரம் கண்ணாடி துடைத்தார். மாலையில் சுபாஜினி எண்ணி எழுதிய தாளைப் பார்த்தால் பதினாறு.

"இவ்வளவா கொறஞ்சிருச்சு?"

"பரவால்ல சேர். நாளைக்கும் வர்றேன்."

சந்தேகம் வரக் கூடாதே என்று மறுநாள் கொஞ்சம் வேகம் கூட்டினார். ஒன்பது என்று வந்தது. நிஜமாகவே கை விளங்காமல் போகிறதோ என்று பயந்து, எண்ணெய் வாங்கி முழங்கையில் தேய்த்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் முகாமையாளர் நிஸாம் மேலே கூப்பிட்டார்.

"ஒங்கட வேல பெர்மனன்ட், ராஜலிங்கம். அந்த மிஸ்ஸுக்கு அப்பிடி இல்ல. நாளைக்கும் நாப்பது வராட்டி அவங்கள வீட்டுக்கு அனுப்பச் செல்லி கொழும்பால ஓடர் வந்தீக்கி."

ராஜலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் சோற்றுக்குத் துணை தேடப் போய், அடுத்தவர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்.

மறுநாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அறுபத்து மூன்று. தாளை நம்பாமல் தானே எண்ணி, தானே நிஸாமிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.  சுபாஜினி பையை மூடி, "நல்லா இருங்க சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த நாள் மத்தியானம் பார்சலைப் பிரிக்க மனம் வரவில்லை. தேத்தண்ணி கொண்டுவரும் வடிவம்மா உள்ளே வந்தார்.

"என்ன சேர், மொகம் இப்பிடி வாடியிருக்கு?"

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. "நாந்தான் வேணும்னே மெதுவா செஞ்சேன், வடிவம்மா. அவங்க போயிரக் கூடாதுன்னு. பாவம், வேலையே போகப் பாத்துச்சு."

வடிவம்மா கோப்பையை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொத நாளே நீங்க நாப்பத்தொண்ணு முடிச்சிட்டீங்க சேர். இருபத்திரண்டுன்னு எழுதினத நான் பாத்துட்டேன், யாருக்கும் சொல்லிராதீங்க அக்கான்னு மிஸ்தான் எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க."