சகலைக்கு டைப் ஒன், எனக்கு லேசான தேய்மானம்

ஸ்கேன் படத்தைப் பார்த்தே ஆளின் உள்விவகாரம் சொல்லும் என் அருமை மச்சினருக்கு,

உங்கள் பெரிய அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா நலம். நானும் நலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதுதான் பிரச்சினை.

போன வாரம் நானும் சகலையும் இடுப்புவலி என்று ஒரே நாளில் உங்கள் ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டோம். நீங்கள் எழுதிய அவர் ரிப்போர்ட்டில், கீழ் முதுகில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே டிஸ்க் தேய்ந்திருக்கிறது, அதை ஒட்டிய எலும்பு விளிம்பு, அதாவது எண்ட்பிளேட், இரண்டிலும் வீக்கம், டைப் ஒன் மாற்றம் என்று ஒன்றரைப் பக்கம். எனக்கு ஒரே வரி: “வயதுக்கேற்ற லேசான தேய்மானம்.” அடுக்குமா இது? முப்பது வருஷமாகக் கட்டிங் டேபிளில் குனிந்து துணி வெட்டுகிறவன் நான். அவர் ஆபீஸில் சுழல் நாற்காலியில் சாய்ந்து ஃபைல் புரட்டுகிறவர். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் தங்கியிருக்கும் உங்கள் வீட்டில் அவருக்கு ராஜ உபசாரம். வெந்நீர் ஒத்தடம் என்ன, புது மெத்தை என்ன, உங்கள் அம்மா மணிக்கொரு தரம் வந்து “தலகாணி சரியா இருக்கா மாப்பிள்ள?” என்று விசாரிப்பதென்ன! எனக்கு வயிறு எரியுது, சொல்லிட்டேன். நேத்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டு “அய்யோ”ன்னேன். உங்க அக்கா என் ரிப்போர்ட்ட எடுத்துப் படிச்சுட்டு, “உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லயே, அந்த மெத்தைய ஒரு பக்கம் பிடிங்க”ங்கறா. பிடிச்சேன். மாடிக்கு ஏத்தினேன். யாருக்கு? அவருக்கு!

விடுவேனா? ரெண்டு பேர் படத்தையும் ஜன்னல் கண்ணாடியில ஒட்டி, டேப்ப வெச்சு அளந்தேன். அளவு தப்புற கை இல்ல இது. அவர் டிஸ்க்கவிட என் டிஸ்க் ஒரு நூல் ஒல்லி. எண்ட்பிளேட் ஓரத்துல வெள்ளையா ஒரு இடமும் தெரியுது. துணிக்குப் போடற நீல சாக்பீஸால வட்டம் போட்டு, “கவனிக்க”ன்னு எழுதி இத்தோட அனுப்பியிருக்கேன். நான் இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. அவருக்கு டைப் ஒன்னுன்னா எனக்கு டைப் டூதானே முறை? ரிப்போர்ட்ல பார்த்துப் போட்டுக் கொடுங்க.

உங்கள் முதுகு என்றும் நிமிர்ந்தே இருக்க வாழ்த்தும்,
பெரிய அத்தான்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். இப்போதுதான் சகலையின் நாலு வயது மகள் அவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டி, “தூக்குப்பா” என்றாள். மனுஷன் குனியப் பார்த்தார், முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குட்டி, “பெரியப்பா, நீ தூக்கு” என்று நேரே என்னிடம் வந்துவிட்டாள். தூக்கினேன். இடுப்பில் சுரீர் என்றது, இறக்கிவிடவில்லை. தயவுசெய்து என் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியில் கை வைத்துவிடாதீர்கள். டைப் டூ என்று தெரிந்தால் உங்கள் அக்கா இவளைத் தூக்கவே விடமாட்டாள்.