குறை சொல்லாத வாய்கள்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெருஞ்சாதனை, நெடுந்தீவில் எங்கள் ‘புன்னகை’ பல் நிலையம். உலகில் பல் நிலையங்கள் பல உண்டு. அவை பல்லைப் பார்க்கின்றன. நாங்களோ ‘நோயாளர் அனுபவத்தை’ப் பார்க்கிறோம். அந்த அனுபவத்துக்குப் பொறுப்பான அலுவலர் நான்.

தரச் சான்று வழங்கும் குழு எங்களைப் பார்வையிட வந்த அன்றுதான் கடற்றொழிலாளி அன்ரனிதாஸும் வந்தார். இடது கன்னம் பாதித் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. மனைவி றஞ்சனி கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

நான் கைகூப்பி வரவேற்று, மெத்தைக் கதிரையில் இருத்தி, கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்களைக் காட்டினேன். மீனைப் பார்த்தால் மனம் அமைதியடையும் என்பது எங்கள் கொள்கை. பிறந்ததிலிருந்து மீனையே பார்த்துவரும் அன்ரனிதாஸ் ஏனோ அமைதியடையவில்லை.

“தம்பி, டொக்டர் எங்கை?” என்று கேட்டார் றஞ்சனி.

“யாழ்ப்பாணத்திலை ஒரு பயிற்சிப் பட்டறை, அக்கா. ‘நோயாளியின் அருகில் இருப்பது எப்படி’ எண்டு.”

“எப்ப வருவா?”

“அது முடிய இன்னொரு பட்டறை இருக்கு. வீணை இசை போடட்டோ?”

“இவர் விடிய விடியச் சுவரிலை தலையை முட்டினவர். சீழ் கட்டியிட்டுது. நீர் வீணையைப் பற்றிக் கதைக்கிறீர்!”

“புல்லாங்குழலும் இருக்கு, அக்கா.”

அப்போது குழு உள்ளே வந்தது. தலைவர் அரியநாயகம் மீன்தொட்டி முன்னால் மெய்மறந்து நின்றார். வைத்தியர் பயிற்சிக்குப் போயிருப்பதை அறிந்து மகிழ்ந்தார். பயிற்சிக்குத் தனிப் புள்ளியாம். பிறகு அன்ரனிதாஸிடம் குனிந்தார்.

“இஞ்சத்தைச் சேவையிலை ஏதும் குறை இருக்கோ, அண்ணை?”

அன்ரனிதாஸ் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “ம்ம்” என்ற முனகல் மட்டும் வந்தது.

“ஒரு குறையும் இல்லை எண்டுறார்,” என்று நான் விளங்கப்படுத்தினேன்.

“நான் சொல்லுறன் குறையை!” றஞ்சனி எழுந்தார்.

“மன்னிக்கவேணும், பிள்ளை. நாங்கள் நோயாளியின்ரை குரலுக்குத்தான் மதிப்புக் குடுக்கிறனாங்கள்,” என்றார் தலைவர், மிகுந்த பண்போடு.

றஞ்சனி கணவரைத் தாங்கிப் பிடித்து வெளியே நடத்தினார். தீவிலிருந்து போகும் அன்றைய பயணிகள் படகு போய்விட்டது. றஞ்சனியின் தம்பி லியோன் தன் மீன்பிடிப் படகை இறக்கினான். கடல் அடித்த அடியில் ஒவ்வோர் அலைக்கும் அன்ரனிதாஸ் துடித்தாராம். றஞ்சனி அவர் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே செபமாலை சொன்னாராம். யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரி வைத்தியர்கள், இன்னும் பிந்தியிருந்தால் வீக்கம் மூச்சை அடைத்திருக்கும் என்று சொல்லி, உடனே சீழை எடுத்து, பல்லையும் பிடுங்கி ஆளைக் காப்பாற்றினார்கள். ஒருவராவது இசை போடவில்லையாம். வருந்தத்தக்க நிலை.

எங்களுக்குத் தங்கச் சான்று கிடைத்தது. விழாவன்று வாசலில் அன்ரனிதாஸ் வந்து நின்றார். கன்னம் வற்றியிருந்தது. பக்கத்தில் றஞ்சனி.

“தம்பி, எனக்கு இப்ப வாய் திறக்குது,” என்றார். “உள்ளை போய்க் கொஞ்சம் கதைக்கவேணும்.”

நான் பணிவோடு கதவை மறித்தேன்.

“அது ஏலாது, அண்ணை. குறை சொல்லுற உரிமை நோயாளிக்குத்தான். உங்களுக்குத்தான் சுகமாயிட்டுதே!”

உள்ளே அரியநாயகம் ஒலிவாங்கியில் முழங்கிக்கொண்டிருந்தார்: “இந்த நிலையத்தில் வாய் திறந்து குறை சொன்ன நோயாளி ஒருவர்கூட இல்லை!”

கைதட்டல் வானைப் பிளந்தது. அவர் சொன்னது முழு உண்மை. வாய் திறக்கக்கூடிய எவரையும் நாங்கள் உள்ளே விடுவதில்லை.