கடைசி இருபது நிமிஷம்

என் மனைவி ஊருக்குப் போகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்து முடிப்பதற்குள் அவள் டிக்கெட் எடுத்து முடித்திருந்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

"இருபத்தொரு நாள். அக்கா தையல் கடை திறக்கிறா. கூடமாட நிக்கணும்."

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடி லிஃப்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். ஆனால் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் எதைத் திருப்பினால் தண்ணீர் வரும் என்று தெரியாது. போன தடவை அவள் நாலு நாள் போனபோது, மூன்றாம் நாள் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் நான். இருபத்தொரு நாள் என்றால் சட்டைக்கு மூன்றாவது பக்கம் வேண்டும்.

கெஞ்சினால் மசிகிற ஆள் இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். "அழாம, காரணத்தோட பேசுங்க" என்பாள். அவள் மசிகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். காதல் படம்.

பார்ப்பாள், ஆனால் பக்கத்தில் யாரையும் பார்க்க விடமாட்டாள்.

"இப்ப ரெண்டும் மோதிக்கும். புத்தகம் கீழ விழும்."

விழும்.

"இப்ப மழை."

பெய்யும்.

"இன்னும் எட்டு நிமிஷத்துல நண்பன் வந்து புத்தி சொல்லுவான்."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை நிமிடத்தில் வந்தான். கடிகாரத்தை அவளிடம் காட்டினேன்.

"இதுல என்ன அதிசயம்? உங்க லிஃப்ட் மாதிரிதான். எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதே மாடி. கடைசி இருபது நிமிஷம் அந்தக் கழுதை ஸ்டேஷனுக்கு ஓடுவான். இவளும் அசடு மாதிரி இறங்கிடுவா" என்பாள். அவன் ஓடுவான். அவள் இறங்குவாள். என் மனைவி மூக்கை உறிஞ்சுவாள். ஒவ்வொரு படத்திலும், அதே இடத்தில்.

அந்த மூக்கை நம்பித்தான், நானும் கடைசி நேரத்தில் ஸ்டேஷனுக்கு ஓடுவதாகத் திட்டம் போட்டேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் சொன்னேன்.

"பிரமாதம் சார்! ஆனா அன்னிக்கு நீங்க கூடப் போயிடக் கூடாது. வேலை இருக்குன்னு முகத்தைத் திருப்பிக்கணும். அப்பத்தான் ஓடி வர்றது எடுபடும்."

"அவ மனசு கஷ்டப்படுமே டாக்டர்?"

"வலிக்காது. நல்லா வாயைத் திறங்க... மன்னிச்சுக்கோங்க, தொழில் பழக்கம்."

அவள் கிளம்பும் புதன்கிழமை காலை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எனக்கு வேலை இருக்கு. நீயே வண்டி பிடிச்சுப் போ."

"சரிங்க."

இருபத்திரண்டு வருடத்தில் எதிர்க்கேள்வி இல்லாத முதல் "சரிங்க". அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்குப் பூங்கொத்தும் கையுமாக, நல்ல சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் அவளுடைய பெரிய பெட்டி! போட்டது போட்டபடி நிற்கிறது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"டாக்டர்! பெட்டியை மறந்துட்டுப் போயிட்டா! இங்கயே இருக்கட்டும், தானா திரும்பி வருவா!"

"ஐயோ சார், காரியத்தைக் கெடுத்துடாதீங்க! அங்க போய்ப் புதுத் துணி வாங்கிக்குவாங்க. பெட்டியோட மூச்சு வாங்க நீங்க போய் நின்னாத்தான் கண்ணு கலங்கும்."

நாலு மாடி. லிஃப்ட்டில் 'பழுது' என்று பலகை. மாட்டியவன் நான்தான். பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன். உள்ளே யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் போல் கனம். இரண்டாம் மாடியில் இடுப்பு விட்டது. முதல் மாடியில் காதலே விட்டது. ஆனாலும் ஓடினேன்.

ஸ்டேஷனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தினேன்.

"போகாதே! நீ இல்லாத வீடு வீடே இல்ல!"

பிளாட்பாரமே திரும்பியது. ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி மூக்கை உறிஞ்சினாள்! எழுந்தாள்! இறங்கினாள்! என் கையைப் பிடித்தாள். பிடித்து, பெட்டியின் கைப்பிடி மேல் வைத்தாள்.

"சீட்டுக்கு அடியில தள்ளிடுங்க. பார்த்து, உள்ள தையல் மெஷின்."

"தையல் மெஷினா? உன் துணி?"

"அது என் தோள் பையில."

"அப்ப நீ மறக்கலையா?"

"நாலு மாடி, லிஃப்ட் இல்ல. நான் எதுக்குத் தூக்கணும்? ஹீரோ காலைல அப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்டா கடைசி இருபது நிமிஷம் ஓடித்தானே ஆகணும்?"

"பல் டாக்டர்தான் பெட்டியோட ஓடச் சொன்னார்!"

"நான்தான் சொல்லச் சொன்னேன். நண்பன் புத்தி சொல்லாம எந்தப் படம் முடிஞ்சிருக்கு?"

பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினேன். அவள் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலில் டாட்டா காட்டினாள். பாட்டி மட்டும், "நல்ல பிள்ளை" என்றாள்.

நாலு மாடி ஏறி வந்தேன். வாசலில் பல் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"காலைலயே கொடுத்துட்டுப் போனாங்க சார். நீங்க திரும்பி வந்தப்புறம் கொடுக்கணும்னாங்க."

அவள் கையெழுத்து. கோடு போட்டாற்போல் நேராக.

'நீலக் குமிழைத் திருப்பினால் தண்ணீர் வரும். வெள்ளைத் துணியோடு சிவப்புத் துண்டைப் போட வேண்டாம். அடுப்பை அணைத்தபின் ஒருமுறை பார்க்கவும். கக்கத்தில் இருக்கும் பூவை உடனே தண்ணீரில் வைக்கவும், கொடுக்க மறந்திருப்பீர்கள்.'