கெப்டனுக்கு ஒருசந்தி இல்லை

விபூதிப் புதன் காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பிய ஸ்ரனிஸ்லாஸுக்கு வாசற்படியிலேயே தண்டனை வாசிக்கப்பட்டது. கொழும்புக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டில் தீர்ப்புச் சொல்வது அவருடைய மனைவி பிறிஜெற். அப்பீல் விசாரிப்பதும் அவதான்.

"பாஸ்கா வரும் மட்டும் இந்த வீட்டுக்குள்ள இறைச்சி வராது."

"வெள்ளிக்கிழமையளிலதானே?"

"ஒவ்வொரு நாளும். அந்தோனியாருக்கு நேர்ந்திட்டன்."

"உம்மட நேர்த்திக்கு என்ர வாயை ஏன் கட்டுறீர்?"

"உங்கட கொலஸ்ரோலுக்குத்தானே நேர்ந்தனான். பிறகு ஆற்ற வாயைக் கட்டுறது, பக்கத்து வீட்டுக்காரற்றயையோ?"

கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் பிறிஜெற்றின் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருந்ததில்லை. போன மாதம் டொக்டர் அவருடைய இரத்த ரிப்போட்டைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்து, "ஐயா, இது உங்கடதானோ?" என்று கேட்டிருந்தார். அன்றைக்கு பிறிஜெற் வரும் வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்தா. அது அவருக்கும் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது, உண்மைதான். ஆனால் நெஞ்சு வேறு, நாக்கு வேறு.

ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணிக் கொடுக்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுவேன் என்று இன்றைக்கும் பெருமை அடிப்பார். மாட்டிறைச்சிப் பொரியல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் ஞாயிறாகவே கணக்கில் எடுப்பதில்லை. மீன் சாப்பிடலாம்தானே என்று யாராவது ஆறுதல் சொன்னால், "மீன் எண்டது தண்ணிக்க நீந்துற மரக்கறி" என்பார்.

கடையில் போய் ஒளித்துச் சாப்பிடவும் வழியில்லை. பிறிஜெற் கோயில் பெண்களின் மரியாயின் சேனையில் பெரிய ஆள். கொட்டாஞ்சேனையில் எந்தச் சாப்பாட்டுக் கடை மூலையில் போய்க் குந்தினாலும், அந்தச் சேனையில் ஒருத்தி பாண் வாங்கும் சாட்டில் உள்ளே எட்டிப் பார்ப்பாள். அவர் வீடு போய்ச் சேர முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு கிழமை சோயாவும் சாளை மீனுமாகக் கழிந்தது. அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. பிறந்த இடம் கெப்டனின் சாப்பாட்டுக் கோப்பை.

கெப்டன் அவர்களுடைய நாய். குட்டியாக இருக்கும்போது துறைமுக வாசலிலிருந்து அவர் சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தது. உடம்பு நீளம், கால் கட்டை, குரைப்பு மட்டும் கப்பல் சங்கு மாதிரி இருக்கும். அன்று அது பக்கற்றில் வரும் காய்ந்த உருண்டைகளை விருப்பமில்லாமல் கடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதைப் பார்த்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். அப்படியே அவருக்கும் கண் கலங்கியது.

"பிறிஜெற், இந்த வாயில்லாச் சீவன் என்ன பாவம் செய்தது?"

"ஏன், அதுக்கென்ன?"

"பக்கற்றுக்குள்ள என்னத்தை அரைச்சுப் போடுறாங்களோ ஆருக்குத் தெரியும்? மயிர் கொட்டுது பாரும். வீட்டில செய்து குடுக்கிறதுதான் நல்லதாம். யூரியூப்பில ஒரு வெள்ளைக்காரி விளக்கமாச் சொல்றாள்."

"என்ன செய்து குடுக்கிறது?"

"கொஞ்சம் இறைச்சி, கொஞ்சம் ஈரல்..."

பிறிஜெற் தேங்காய் திருவுவதை நிறுத்தினா.

"இது தபசுகாலம்."

"தபசு எங்களுக்கு. கெப்டனுக்கு ஞானஸ்நானம் குடுத்ததே? ஒருசந்தி, சுத்தபோசனம் எல்லாம் ஞானஸ்நானம் எடுத்த ஆக்களுக்குத்தானே?"

வேதத்தில் அவர் மனைவியை மடக்கியது அதுதான் முதல் தடவை. அவ கொஞ்ச நேரம் அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தா.

"ஆர் சமைக்கிறது? நேர்த்தி வைச்ச கையால நான் இறைச்சி தொட மாட்டன்."

"நான் சமைக்கிறன்."

"நீங்களோ? தண்ணி கொதிச்சா என்னைக் கூப்பிட்டுக் காட்டுற ஆளோ?"

"பழகிறதுதானே."

"சரி. ஆனா மிருக டொக்டரிட்டக் கேட்டுத்தான் செய்யவேணும்."

ஒழுங்கை முனையில் இருந்த மிருக வைத்தியர் றலியா நல்ல கண்டிப்பான பெண். உப்புக் கூடாது, வெங்காயம் கூடாது, உள்ளிப்பூடு கூடவே கூடாது, கறித்தூள் வாசமும் படக்கூடாது என்றா. இறைச்சியோடு பூசணியும் குரக்கன் மாவும் சேர்த்து உருட்டி அவித்துக் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டா. உப்பும் வெங்காயமும் இல்லாத மாட்டிறைச்சியை நினைக்க ஸ்ரனிஸ்லாஸுக்கு நெஞ்சு கனத்தது. என்றாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இறைச்சிக் கடை பௌஸி அவருடைய பழைய சிநேகிதர். அந்த வருசம் ரமழான் நோன்பும் தபசுகாலமும் ஒன்றாகத்தான் தொடங்கியிருந்தன. நோன்பு பிடித்த வாயோடு பௌஸி கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சேர், ஒங்கட ஆக்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வாறல்ல. நீங்க மட்டும் வந்தீக்கிறீங்க?"

"எனக்கில்லை பௌஸி, நாய்க்கு."

"நாய்க்கா? அப்ப சவ்வும் கொழுப்பும் ஈக்கிது, சும்மா கொண்டு போங்க."

"சீ, சவ்வு வேண்டாம். நல்ல துண்டாப் பாத்து வெட்டும். தொடையில."

பௌஸி கத்தியை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாய் பல்லில்லாததா சேர்?"

"கொஞ்சம் வயசு போன நாய்."

"வெளங்குது," என்றார் பௌஸி. சிரிக்கவில்லை. நல்ல மனிசன்.

அன்றைக்கு ஸ்ரனிஸ்லாஸின் சமையலுக்குக் குசினி பட்டபாடு கொஞ்சமில்லை. இறைச்சியைக் கொத்தினார், விரலையும் கொத்தினார். பூசணி அவிய முதல் அவர் அவிந்துபோனார். கடைசியில் எல்லாவற்றையும் குரக்கன் மாவோடு பிசைந்து, உருட்டி, இடியப்பத் தட்டில் அவித்து, தாச்சியில் போட்டுப் பிரட்டி எடுத்தார். உருண்டைகள் கன்னங்கரேலென்று இருந்தன. கெப்டன் வாலால் நிலத்தைக் கூட்டியது.

பாதியை நீல பிஸ்கற் டின்னில் போட்டு, எல்லாரும் பார்க்க மேசையில் வைத்தார். அது கெப்டனுடைய பங்கு. மற்றப் பாதி ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போய், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அது யாருடைய பங்கு என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு அவருடைய காலைகள் சுவர்க்கமாகிவிட்டன. தபசுகாலத்தில் பிறிஜெற் ஒவ்வொரு நாளும் காலைப் பூசைக்குப் போவா. படலை சாத்திய சத்தம் கேட்டதும் ஸ்ரனிஸ்லாஸ் பால்மா டின்னோடும் உப்போடும் மிளகுத்தூள் போத்தலோடும் பின்படியில் போய் உட்காருவார். பக்கத்தில் கெப்டன், தன்னுடைய டின்னோடு. பக்கத்து வீட்டு முருங்கையில் காகம் கத்தும். தூரத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊதும். அவர் ஒரு உருண்டையை எடுத்து, உப்பில் தொட்டு, மிளகில் பிரட்டி வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். ஒரு கிழமை கழியக் கொஞ்சம் தும்பு தும்பாகக் கடிபட்டது. இறைச்சி என்றால் நார் இருக்கும்தானே என்று விட்டுவிட்டார்.

"கெப்டன், உனக்கும் எனக்கும்தானடா இந்த வீட்டில ஒற்றுமை," என்பார்.

கெப்டன் வயிறு முட்டி ஏவறை விடும்.

பூனை கண்ணை மூடினால் பூலோகமே இருண்டுபோகும் என்று நினைக்குமாம். ஸ்ரனிஸ்லாஸுக்கும் அந்த நினைப்புத்தான். பிறிஜெற் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாவம், நாய்க்கெண்டு இந்த வெயிலுக்க நடந்து போறார்" என்று சேனைப் பெண்களிடம் சொல்லித் திரிந்தா. அவர் பின்நேரம் கடற்கரைக் காற்று வாங்கப் போகும்போது, "ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை" என்று படலை வரைக்கும் வந்து வழியனுப்பினா. இப்படி ஒரு மனிசி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் நடந்து நடந்து யோசித்தார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. காலையில் டின்னைத் திறந்ததும் அந்த வெட்கம் போய்விடும்.

ஒரே ஒரு விசயம்தான் விளங்கவில்லை. கெப்டன் கொழுத்துக்கொண்டே போனது. நீளமாக இருந்த நாய் உருண்டையாகிவிட்டது. பாதிப் பங்கு சாப்பிட்டே இந்த வீச்சென்றால், முழுப் பங்கும் கொடுத்திருந்தால் கதவால் வெளியே போயிருக்காது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய கிழமை வந்தது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பாஸ்காவுக்கு நற்கருணை எடுக்க முடியாது. புதிதாக வந்த இளம் சுவாமியின் வரிசையாகப் பார்த்துப் போய் முழங்காலில் நின்றார்.

"நாயின்ர சாப்பாட்டைச் சாப்பிட்டனான், சுவாமி."

வலைக்கு அப்பால் சுவாமி காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஒருக்காவோ?"

"தபசுகாலம் முழுக்க."

"வீட்டில சாப்பாட்டுக்குக் கஷ்டமோ?"

"இல்லை சுவாமி. மனிசி சமைக்கிறவ."

"ஒரு செபமாலை சொல்லுங்கோ. மனம் தளராதேங்கோ. இதுக்கும் ஆண்டவர் ஒரு வழி விடுவார்," என்றார் சுவாமி, மிகவும் இரக்கமாக.

பொய்யும் சொல்லவில்லை, இறைச்சி என்ற சொல்லையும் வாயில் எடுக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். பௌஸியிடம் பாஸ்காவுக்கென்று நல்ல இறைச்சி சொல்லி வைத்தாயிற்று. இனி உப்பு, வெங்காயம், உள்ளி, தூள் எல்லாம் போட்டு மனிசர் சாப்பிடும் இறைச்சி!

பெரிய சனிக்கிழமை பின்நேரம் ரிப்போட் வந்தது. அந்தக் கிழமைதான் மறுபடி இரத்தம் கொடுத்திருந்தார். பிறிஜெற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தா. பிறகு அழுதா.

"என்ன, கூடிட்டுதோ?" ஸ்ரனிஸ்லாஸ் ரிப்போட்டை எட்டிப் பார்த்தார்.

"குறைஞ்சிட்டுது. எல்லாம் குறைஞ்சிட்டுது. அந்தோனியார் என்னைக் கைவிடேல்லை."

அவ எழும்பிப் போய் அந்தோனியார் படத்தை முத்தமிட்டா. வந்து அவருடைய தலையையும் தடவிவிட்டா. அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு பயந்திருக்கிறாள் இவள் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிய முதல் அடுத்த தீர்ப்பு வந்தது.

"இனி நத்தார் வரும் மட்டும் இப்பிடியே போவம். இறைச்சியை விட்டதாலதானே குறைஞ்சது? நாளைக்கு மீன் வாங்கச் சொல்லிட்டன்."

"நாளைக்கோ? நாளைக்குப் பாஸ்கா!"

"ஓம். பாரை மீன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாளைய இறைச்சி கைநழுவிப் போவதைக் கண்ட ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலியின் கையில் ஒரு தட்டும் தட்டினார்.

"பிறிஜெற், உண்மையைச் சொல்றன். நான் ஒரு நாளும் இறைச்சியை விடேல்லை. கெப்டனுக்குச் செய்ததில பாதி நான்தான் சாப்பிட்டனான். நீர் பூசைக்குப் போன நேரம், பின்படியில இருந்து, ஒவ்வொரு நாளும் மாட்டிறைச்சி! எண்டாலும் கொலஸ்ரோல் குறைஞ்சிருக்கு. ஆனபடியா இறைச்சிக்கும் என்ர இரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரிப்போட்டே சொல்லுது!"

பிறிஜெற் கோபப்படவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டு, பால்மா டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

"இதைச் சொல்றீங்களோ?"

"எப்... எப்பிடித் தெரியும்?"

"முதல் கிழமையிலேயே மிளகுத்தூள் போத்தல் வெறுமை. கெப்டன் எப்ப மிளகு போட்டுச் சாப்பிடப் பழகினது?"

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"பேசியிருந்தா பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய்ச் சாப்பிடுவீங்கள். வெள்ளவத்தையில எனக்கு ஆக்கள் இல்லை." அவ ஒரு உருண்டையை எடுத்துப் பிட்டுக் காட்டினா. "இது பிஞ்சுப் பலாக்காய். அவிச்சு, இடிச்சு, உங்கட மாதிரியே குரக்கன் மாவும் பூசணியும் போட்டு உருட்டினது. நீங்கள் காத்து வாங்கப் போற நேரம், உங்கட உருண்டையளைக் கெப்டனிட டின்னுக்க போட்டிட்டு இதை இதுக்குள்ள போட்டு வைப்பன்."

ஸ்ரனிஸ்லாஸ் அந்தத் துண்டைப் பார்த்தார். மேசைக்குக் கீழே உருண்டு கிடந்த கெப்டனைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"சும்மா கதை விடாதையும்! நான் சாப்பிட்டது மாட்டிறைச்சிதான். இறைச்சிக்கும் பலாக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத நாக்கோ எனக்கு?"

"எனக்கும் முதல்ல அந்தப் பயம்தான்," என்றா பிறிஜெற், ரிப்போட்டைப் பத்திரமாக மடித்துக்கொண்டே. "அதாலதான் கெப்டனுக்கு வைச்சுப் பாத்தனான். அது ஒருக்கா மணந்திட்டு எழும்பிப் போயிட்டுது. எண்டாலும் நீங்கள் அந்தளவுக்குக் கண்டுபிடிக்க மாட்டீங்கள் எண்டு எனக்கொரு நம்பிக்கை இருந்தது."