இரட்டைப்படை தேதியில் ஒரு மலைச்சுற்று

பாய்சி,
ஏப்ரல் மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள ஆர்லீன் அக்காவுக்கு,

தம்பி வெர்லின் எழுதிக்கொள்வது. நீ சௌக்கியமாக, நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் பாக்கியத்தோடு இருப்பாய் என நம்புகிறேன். எனக்கு அந்த பாக்கியம் இல்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஜனெலைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் அந்த ஐட்டோர் சனிக்கிழமை வந்து, "சார், சின்னதா ஒரு சைக்கிள் ரவுண்டு போவோமா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். பெண் கேட்கிறவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுக் கேட்பான். இந்த மகானுக்கு மலை வேண்டியிருக்கிறது! போகட்டும், உச்சியிலேயே 'முடியாது' என்று சொல்லிவிட்டு வரலாமென்று கிளம்பினேன். "அப்பா, அவரைக் கடிச்சு வைக்காம வாங்க" என்று ஜனெல் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அக்கா, அந்தச் 'சின்ன' ரவுண்டை என்னவென்று சொல்ல! மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது, சேஜ் புதரும் புழுதியும்தான், முதல் மேட்டிலேயே நெருஞ்சி முள் ஏறி என் இரண்டு டயரும் போச்சு, இவன் விசிலடித்துக்கொண்டே ஒட்டுப் போட்டான், அடுத்த மேட்டில் ஆட்டுமந்தை, மந்தைக்குக் காவலாகக் கன்றுக்குட்டி சைஸில் ஒரு வெள்ளை நாய், அது என்னை மட்டும் பார்த்துக் குரைக்குது, இவன் என்னடான்னா மேய்ப்பரோட நின்னு நலம் விசாரிக்கிறான், இவன் தாத்தா காலத்துல இருந்தே இவங்க ஆட்டுக்காரக் குடும்பமாம், ரொம்ப சந்தோஷம்! ஒருவழியா உச்சிக்குப் போனோம். "சார், ஜனெலை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?" என்றான். எனக்கு மூச்சு வாங்கிய வாங்கலில் தலை மேலும் கீழும் ஆடியது. அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு கட்டிப்பிடித்து அழுகிறான் பாவி!

இறங்குவதற்கு நேர்வழி ஒன்று கண்ணெதிரே இருந்தது. "வேணாம் சார், இன்னைக்கு இரட்டைப்படை தேதி. சைக்கிள்ல இந்தப் பாதையில ஏறலாம், இறங்கக் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்கு" என்றான். "இங்க எவன்டா பாக்குறான்?" என்றேன். "யாரும் பாக்கல சார்" என்று சொல்லிவிட்டு ஓடைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினான். அந்த ஓடை பாதையை விட்டுத் தொலையவே மாட்டேன் என்கிறது, திரும்பின இடமெல்லாம் குறுக்கே வருது, தண்ணி பனி உருகினது, நான் விழாத இடமே இல்லை, ஒவ்வொரு தடவையும் "சூப்பர் சார்!" என்று கை தட்டுகிறான். ஆளில்லாத காட்டிலேயே இத்தனை சட்டம் பேசுகிறவனோடு என் பெண் எப்படிக் காலம் தள்ளுவாள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது. இந்தக் கல்யாணம் வேண்டாம். உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

மூத்தவளை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது. உன் பூனைகளுக்கு மட்டும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெர்லின்

பி.கு.: இதை எழுதி ஒரு வாரமாகியும் தபாலில் போடவில்லை. அந்த ஓடையில் ஒரு பாறையைக் கால் ஊன்றாமல் தாண்டியிருக்கலாமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று யாருக்கும் தெரியாமல் தனியாகப் போனேன். தாண்டிட்டேன் அக்கா! தாண்டின கையோடு விழுந்து மணிக்கட்டும் முறிந்தது. ஜனெலைக் கூப்பிட்டால் சைக்கிளையே விற்றுவிடுவாள் என்று ஐட்டோரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தான். "கையில என்ன?" என்று ஜனெல் கத்தினாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஏணி சறுக்கிருச்சு" என்றான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஜூனில் கல்யாணம், கட்டாயம் வந்துவிடு. யார் கேட்டாலும் நீயும் ஏணி என்றே சொல்.